விதி யாருக்கு வளைந்தது? விஞ்ஞானத் துறைகளும் ‘வாய்ப்பு’ என்ற சொல்லாடலும்

1

‘வாய்ப்பு’ என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக விஞ்ஞானத் துறைகளில் இந்தச் சொல்லுக்குப் பல வடிவங்கள் உண்டு. கோடைப் பள்ளி, பயிற்சிப் பட்டறை, கருத்தரங்கு, சிறப்புச் சொற்பொழிவு, உதவித்தொகை, வெளியூர் ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாத வேலை. எல்லா அறிவிப்பின் கீழேயும் ஒரே பல்லவிதான்: தகுதியுள்ள மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். படிக்கிறபோது ரொம்ப நியாயமாகத்தான் இருக்கிறது. யாரையும் வராதே என்று சொல்லவில்லையே!

இட ஒதுக்கீடு பற்றிய நம்முடைய விவாதங்கள் பெரும்பாலும் சேர்க்கை என்னும் வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே போன பிறகு துறைக்குள் என்ன நடக்கிறது? யாருக்குக் கடிதம் எழுதப்படுகிறது? யார் ரயிலேறுகிறார்கள்? யார் கருத்தரங்குக்கு நாற்காலி சுமக்கிறார்கள்? இந்தச் சரித்திரம் தனியாக எழுதப்படவில்லை. ஆனால் விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளுக்குள் அது சிதறிக் கிடக்கிறது. அந்த வரலாறுகளை எழுதியவர்களின் நோக்கம் வேறு. ‘மேதையை யாராலும் மறைக்க முடியாது, தானா மேல வந்துடுவான்’ என்று காட்டுவதே அவர்கள் வேலை. அதே பிரதிகளை நாம் வேறு கேள்வியோடு வாசிக்கலாம். மேலே வந்தது சரி, எந்தப் படிக்கட்டு வழியாக? அந்தப் படிக்கட்டு யார் வீட்டில் இருந்தது?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நடந்த சில சம்பவங்களே போதும்.

2

முதலில் ராமானுஜன். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையும் போயிற்று, பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா. அடுத்த ஆண்டே, 1913 மே மாதத்திலிருந்து, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். உள்ளூரில் ஓடிய கடிதங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தியக் கணிதவியல் சங்கத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவரைப் பார்க்கிறார். அவர் சென்னையில் இருந்த கணித ஆசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்புகிறார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுக்கிறார். துறைமுகத்தில் மேலதிகாரி நாராயண ஐயர் தானே ஒரு கணிதக்காரர். அவருக்கும் மேலே சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1913 பிப்ரவரியில் சென்னை வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அவரும் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர்தான்.

அப்போதும் விதி குறுக்கே நின்றது. அந்த உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், ராமானுஜனிடம் இளங்கலையே இல்லை. சிண்டிகேட்டில் துணைவேந்தர் நீதிபதி பி.ஆர்.சுந்தரம் ஐயர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைச் சுட்டிக்காட்டி வாதாடினார் என்று வரலாறு சொல்கிறது. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதில் இருக்கிறதே, அப்படியானால் இந்தப் பையனுக்குக் கொடுப்பதில் என்ன தடை? விதி வளைந்தது. நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. உலகத்துக்கே லாபம்.

அடுத்து சி.வி.ராமன். எம்.ஏ. படித்துவிட்டு நிதித்துறையில் அதிகாரியாக இருந்தவர், முனைவர் பட்டம் வாங்காதவர். 1917-இல் கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பாலித் பேராசிரியராக்கினார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. போக முடியாது என்றார் ராமன். நிபந்தனை தளர்ந்தது. இதுவும் நல்ல காரியமே.

இந்த இரண்டிலும் விதியை வளைத்தவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள். ராமானுஜன் வீட்டில் வறுமை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் அந்த வறுமையிலிருந்து கிளம்பி ஒரு டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணைவரை போக முடிந்தது, அங்கிருந்து ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது. அந்தக் காலத்தில் காசில்லாத ஒரு பறையர் பையனுக்கு, ஒரு நாடார் பையனுக்கு, ஏன் ஒரு பிராமணப் பெண்ணுக்கே இந்தப் பாதை இருந்ததா? காசு இல்லாததும் ஆள் இல்லாததும் ஒன்றல்ல. நாம் இரண்டையும் ‘ஏழ்மை’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

3

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் ஸோமர்ஃபெல்ட் சென்னை வந்தார். மாநிலக் கல்லூரியில் பேசினார். இன்றைய மொழியில் சொன்னால் ‘சிறப்புச் சொற்பொழிவு’. மாணவர்கள் பலர் கேட்டார்கள். அவர்களில் ஒரு 18 வயதுப் பையன் மட்டும் மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போய்ச் சந்தித்தான். ஸோமர்ஃபெல்டின் அணு அமைப்புப் புத்தகத்தை அவன் ஏற்கனவே படித்திருந்தான். ‘நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது’ என்கிற செய்தியை அவர் அங்கே சொன்னார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி, இன்னும் அச்சில் வெளிவராத கட்டுரையின் மெய்ப்பையும் கொடுத்தார். அந்தப் பையன் சந்திரசேகர். அடுத்த ஆண்டே, 1929-இல், அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. அதே ஆண்டு ஹைசன்பர்க் சென்னை வந்தபோது அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பும் சந்திரசேகருக்குக் கிடைத்தது. 1930-இல் இந்திய அரசின் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

சந்திரசேகரின் உழைப்பையோ மூளையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. கூட்டம் எல்லோருக்கும் பொது. கூட்டம் முடிந்த பிறகு நடப்பது பொது கிடையாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் ஓட்டல் அறைக் கதவைத் தட்டலாம் என்று ஒரு மாணவனுக்குத் தோன்ற வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு வீடு வேண்டும். தாத்தா கல்லூரி ஆசிரியர், அப்பா அரசுக் கணக்குத் துறையில் உயர் அதிகாரி, சித்தப்பா சி.வி.ராமன். 12 வயது வரை வீட்டிலேயே பாடம். 1928 கோடையைக் கல்கத்தாவில் ராமனின் ஆய்வகத்தில் கழித்திருந்தார். அதாவது இன்று நம் மாணவர்கள் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற ‘கோடைக்கால ஆய்வு அனுபவம்’ அவருக்கு உறவு வழியிலேயே கிடைத்துவிட்டது.

பியர் பூர்தியுவும் பாஸரோனும் 1964-இல் பிரெஞ்சுப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘வாரிசுகள்’ என்றே பெயர் வைத்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கவழக்கத்தையும் மொழியையும் கல்வி நிறுவனம் ‘இயல்பான திறமை’ என்று அங்கீகரித்து மதிப்பெண் போட்டுவிடுகிறது என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். நம்ம ஊரில் இதைப் புரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரர் துணை அவசியமில்லை. ‘அவன் வீட்ல எல்லாரும் படிச்சவங்க’ என்று நம் அம்மாக்கள் சொல்வதும் இதுதானே.

4

விதி வளையாத கதைக்கு வருவோம்.

1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் (பின்னாளில் கமலா சோஹோனி) பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் அதே சி.வி.ராமன். பெண் என்பதால் இடமில்லை என்றார். கமலா விடவில்லை, நேரில் போய் நின்றார், சத்தியாகிரகம் செய்தார். கடைசியில் ஓராண்டு ‘பரீட்சார்த்தமாக’ சேர்த்துக்கொண்டார்கள். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். வெளிநாட்டுப் பயிற்சி நிபந்தனை தனக்குத் தளர்த்தப்பட்ட அதே மனிதர், 16 ஆண்டு கழித்து இன்னொருவருக்குப் புதிதாக நிபந்தனை போட்டார்.

அன்னா மாணி 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூர் போனார். ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்தார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் சமர்ப்பித்தார். பல்கலைக்கழகம் என்ன சொன்னது? உங்களிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை, ஆகவே பிஎச்.டி. இல்லை.

1913-இல் பி.ஏ. இல்லாதவருக்கு உதவித்தொகை கொடுத்த அதே சென்னைப் பல்கலைக்கழகம்! இந்தத் தடவை யாரும் முகவுரையைப் படித்துக் காட்டி விதியை வளைக்கவில்லை, அது விதியாகவே நின்றது. முடித்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் இருக்கிறது. அன்னா மாணி லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு வந்தார், இந்திய வானிலைத் துறையில் கருவிகள் செய்யும் முறையையே உருவாக்கினார். பட்டம் இல்லாதது தன் வாழ்க்கையைப் பாதிக்கவில்லை என்றே பின்னாளில் ஆபா சூரிடம் சொல்லியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. அதைப் பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மையாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆபா சூர் பதிவு செய்திருக்கும் இன்னொரு செய்தி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்த ஆய்வகத்தில் ஆண் மாணவரும் பெண் மாணவரும் பேசிக்கொண்டிருந்தால் ராமனுக்குப் பிடிக்காது. வெட்கக்கேடு என்று முணுமுணுத்துக்கொண்டே போவாராம். விஞ்ஞானத்தில் பாதி வேலை பேச்சில்தான் நடக்கிறது. என்ன படிக்கிறாய், எந்தக் கருவியில் கோளாறு, எங்கே உதவித்தொகை அறிவித்திருக்கிறார்கள், யாருக்கு எழுதினால் பதில் வரும்... இதெல்லாம் வராந்தாவில் நின்று பேசுகிற பேச்சு. அந்தப் பேச்சை மறுத்துவிட்டால் கதவைத் திறந்தே வைத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது.

5

வகுப்புவாரி அரசாணையின் சரித்திரத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1950-இல் செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகவும், சீனிவாசன் என்ற மாணவர் பொறியியல் இடத்துக்காகவும் போட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இது எல்லோரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. செண்பகம் துரைராஜன் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம். விசாரித்தால் பதில் சொல்ல ஆள் இருந்தது. விண்ணப்பிக்காமலே, வாய்ப்புப் பறிபோனது என்று நீதிமன்றம் போக முடிந்தது. தெரியாமலே விண்ணப்பிக்காமல் போன ஆயிரக்கணக்கானவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அந்த வழக்குகளில் மனுதாரர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அவருடைய மயிலாப்பூர் வீட்டின் பெயர் ஏகாம்ர நிவாஸ். அவர் மறைந்து சில ஆண்டுகளில் அவருடைய மகன், இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், அந்த வீட்டிலேயே மாணவர்களுக்குக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் நடத்தினார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் அங்கே வந்து பேசினார்கள். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை என்று பம்பாயில் பாபாவின் நிறுவனத்தையும் சென்னையில் இந்தச் சிறு குழுவையும் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதன் தொடர்ச்சியாக, கல்வியமைச்சர் சி.சுப்பிரமணியத்தின் முயற்சியில், 1962 ஜனவரி 3-இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. சந்திரசேகர் தலைமையில் தொடக்க விழா.

பொது நிறுவனம் இல்லாத குறையை ஒருவர் தன் வீட்டுக் கூடத்தைத் திறந்து தீர்த்தார். அது அபூர்வம், மரியாதைக்குரியது. அதே சமயம் ஒரு மாணவனுக்கு மயிலாப்பூர் வீட்டுக் கூடம் எப்படிப்பட்ட இடம் என்ற கேள்வியும் இருக்கிறது. செருப்பை எங்கே விடுவது, எங்கே உட்காருவது, தண்ணீர் கேட்கலாமா? கூடத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்விகளே எழாது. மற்றவனுக்குச் சமன்பாட்டைவிட இவைதான் கஷ்டம். அந்த விதத்தில் வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு நகர்ந்ததே பெரிய ஜனநாயகக் காரியம் என்பேன்.

6

1990-களில் நான் தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையில் எம்.எஸ்சி. படித்தேன். பாதிப்பேர் வீட்டில் முதல் பட்டதாரி. இட ஒதுக்கீடு எங்களைக் கொண்டுவந்து அந்த வகுப்பில் உட்காரவைத்தது. மறக்கக்கூடாத உண்மை அது. ஆனால் அறிவிப்புப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி துறைத் தலைவர் அறையில். பெங்களூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் கோடைப் பள்ளிச் சுற்றறிக்கைகள் துறைத் தலைவர் பெயருக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகையில் ஏறும், கடைசித் தேதி திங்கட்கிழமையாக இருக்கும். இரண்டு பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம், பச்சை மையில் கையெழுத்திட்ட நகல்கள், சில சமயம் ஒரு டிமாண்ட் டிராஃப்ட். சனிக்கிழமை பாங்கு அரை நாள்.

‘நமக்குத் தெரிஞ்ச பையன்’ என்று ஒரு பிரிவு உண்டு. அவனுக்கு மட்டும் சுற்றறிக்கை பலகைக்கு வரும் முன்பே தெரிந்திருக்கும். இதில் யாரும் சதி செய்ததாக நான் சொல்லவில்லை. காலையில் நடக்கப் போகும்போது, கோயிலில், கல்யாண வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஜாதி நம்ம துறைகளில் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்தது. யாரையும் திட்டியதில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தது.

என்னோடு படித்த ஒருவனுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவன் ஒரு தடவை எல்லாத் தடையையும் தாண்டித் தேர்வாகிவிட்டான், மூன்று வாரப் பயிற்சிக்கு. கடிதத்தில் எழுதியிருந்தது: பயணச் செலவு பயிற்சியின் முடிவில் வழங்கப்படும். ‘போறதுக்குத்தானடா காசு வேணும், வந்தப்புறம் தந்து என்னத்துக்கு?’ என்றான். போகவில்லை. துறைக் கோப்பில் இது எப்படிப் பதிவாகியிருக்கும்? ‘மாணவர் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.’

பெண்கள் விடுதியின் கேட் ஆறரைக்குப் பூட்டப்படும். வெளியூர் விஞ்ஞானி வந்தால் மாலை கூட்டம், கூட்டத்துக்குப் பிறகு டீ. அந்த டீயில்தான் அவர் விலாசம் கொடுப்பார், ‘எழுதுங்கள்’ என்பார். வகுப்பில் எங்களைவிட நன்றாகப் படித்த பெண்கள் அப்போது விடுதியில் சாப்பாட்டு மணிக்குக் காத்திருப்பார்கள்.

துறை நடத்தும் விழாக்களின் இலக்கணம் இன்னும் வேடிக்கை. ராமன் விளைவு அறிவிக்கப்பட்ட 1928 பிப்ரவரி 28-ஐ நினைத்து 1987 முதல் தேசிய அறிவியல் தினம். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை. மாணவர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை, பிறகு பங்கேற்புச் சான்றிதழ். அந்தக் கண்டுபிடிப்பில் ராமனோடு உழைத்த கே.எஸ்.கிருஷ்ணன் பக்கத்து வத்திராயிருப்புக்காரர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். இந்த விவரத்தை இரண்டு ஆண்டிலும் எந்த உரையும் சொல்லவில்லை. நம்மூரிலிருந்து ஒருத்தர் அங்கே போயிருக்கிறார் என்று தெரிவதுகூட ஒரு வாய்ப்புதானே?

7

இன்று பலகை கைப்பேசிக்குள் போய்விட்டது. தகவல் எல்லோருக்கும் கிடைக்கிறது, இனி என்ன புகார் என்கிறார்கள். பூட்டு போனது உண்மை. சிபாரிசுக் கடிதம் போகவில்லை. ‘உன் ஆய்வு ஆர்வம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுது’ என்பது போகவில்லை. 1999-இல் தொடங்கிய கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாஹன் யோஜனா என்ற பெரிய உதவித்தொகைத் திட்டம் 2022-இல் முடிவுக்கு வரும்வரை தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தியது. தமிழில் படித்த பிள்ளைக்கு அது அறிவியல் தேர்வா, மொழித் தேர்வா? மாறாக 2008-இல் வந்த இன்ஸ்பயர் திட்டத்தைப் பாருங்கள். அந்தந்த மாநில வாரியத் தேர்விலேயே முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படித்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதிலும் குறைகள் உண்டு. ஆனால் அளவுகோல் பகிரங்கமானது, ஓட்டல் கதவைத் தட்டத் தேவையில்லை.

விதி பகிரங்கமாக இருந்தால் அதைக் காட்டிச் சண்டையாவது போடலாம். 2015 அக்டோபரில், நெட் தேறாத ஆய்வு மாணவர்களுக்கான 5,000, 8,000 ரூபாய் உதவித்தொகையை நிறுத்துவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னபோது மாணவர்கள் டெல்லியில் அதன் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். உதவித்தொகை தொடரும் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்பட்டபோது அந்த அளவுக்கு நம்மால் முடியவில்லை.

விதி பகிரங்கமாக இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக இயற்பியல் துறை சாட்சி. சேலம் மாவட்டத்திலிருந்து போன தலித் ஆய்வு மாணவர் செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். சேர்க்கை கிடைத்திருந்தது, நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. சேர்க்கையோடு முடிந்துவிடும் சமூகநீதியின் எல்லை அது.

எனவே விதியை வளைக்காதீர்கள் என்று நான் கோரவில்லை. ராமானுஜனுக்கு வளைத்தது சரிதான். அன்னா மாணிக்கும் வளைத்திருக்க வேண்டும். யாருக்கு, ஏன் வளைகிறது என்பதைத் துறை எழுத்தில் சொல்லட்டும். பயணப் பணத்தை முன்னாலேயே கொடுக்கட்டும், கூட்டத்தைப் பகலில் வைக்கட்டும், சிபாரிசுக் கடிதத்தை ஆசிரியரின் தயவாக விடாமல் கடமையாக ஆக்கட்டும். இவற்றுக்குப் புரட்சி தேவையில்லை, ஒரு துறைக் கூட்டத்தின் தீர்மானம் போதும்.

மாணவர் அமைப்புகளில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு விஞ்ஞானத் துறையிடமும் கேளுங்கள்: கடந்த பத்து ஆண்டில் வந்த சுற்றறிக்கைகள் எத்தனை, எந்தத் தேதியில் மாணவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டன, போனவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவு, ஆண் எத்தனை, பெண் எத்தனை. பதில் வரும், அல்லது அப்படி ஒரு பதிவேடே இல்லை என்று வரும். இரண்டில் எது வந்தாலும் அச்சிட்டுத் துறை வாசலில் ஒட்டுங்கள்.